சர்வர் ஓடுகிறது, கடிதம் போகவில்லை

வலைத்தளம் விழுந்தால் அடுத்த நிமிடம் யாராவது கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். மின்னஞ்சல் சர்வர் விழுந்தால் யாரும் கூப்பிடுவதில்லை. வராத கடிதத்தை எப்படிக் கவனிப்பது? இன்றைக்கு எவரும் எழுதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அனுப்பியவரோ, போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருப்பார். இரண்டு பக்கமும் நிம்மதியாக இருக்கும்போதே நடுவில் கடிதங்கள் குவிந்துகொண்டிருக்கும்.

இந்தக் குணம் மின்னஞ்சலோடு கூடப் பிறந்தது. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தில் எஸ்எம்டிபி நெறிமுறையை எழுதினார். கணினிகளும் அவற்றை இணைத்த கம்பிகளும் அடிக்கடி நின்றுபோன காலம் அது. எதிர்ப்பக்கம் பதில் இல்லையென்றால், கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மறுபடியும் முயல வேண்டும் என்பது ஏற்பாடு. 1989இல் வந்த ஆர்எஃப்சி 1123 அதற்குக் கணக்கும் சொன்னது: ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 30 நிமிடம், கைவிடுவதற்கு முன் குறைந்தது நான்கைந்து நாள். மின்னஞ்சலை இத்தனை ஆண்டுகள் நம்பத்தக்கதாக வைத்திருப்பது இந்தப் பொறுமைதான். நோயை மறைத்துவைப்பதும் இதே பொறுமைதான். திங்கட்கிழமை மாலை கெட்டுப்போன ஒரு சர்வரைப் பற்றிய சேதி, கடிதம் எழுதியவருக்குச் சனிக்கிழமை வந்து சேரலாம்.

ஆகவே யாராவது உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்தவர்களின் வேலை நாற்பது ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கருவிகள் மாறியதைவிட, நலம் என்று எதைச் சொல்கிறோம் என்பது மாறியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எண்பதுகளின் பின்பாதியிலும் தொண்ணூறுகளிலும் யுனிக்ஸ் உலகில் மின்னஞ்சல் என்றால் சென்ட்மெயில். பெர்க்கிலியில் எரிக் ஆல்மன் எழுதியது. 1983இல் பிஎஸ்டி யுனிக்ஸோடு சேர்ந்து வெளியே வந்தது. அதன் நாடியைப் பிடித்துப் பார்க்க அன்று தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. டெல்நெட் வழியாக 25ஆம் எண் போர்ட்டைத் தொட்டால் சர்வர் 220 என்று தொடங்கும் ஒரு வரியில் வணக்கம் சொல்லும். நிர்வாகி ஹெலோ என்று தட்டச்சு செய்து தன் கணினியின் பெயரைச் சொல்வார். அனுப்புநர் யார், பெறுநர் யார் என்று கையாலேயே அடிப்பார். ஒவ்வொரு வரிக்கும் 250 என்று பதில் வந்தால் நல்லது. 421 வந்தால் சர்வர் இப்போது சேவை தரும் நிலையில் இல்லை. 450 வந்தால் பிறகு வா. 550 வந்தால் வரவே வேண்டாம். மனிதர் படிக்கக்கூடிய எழுத்தில் நெறிமுறை இருந்ததால், சர்வரோடு அதன் மொழியிலேயே நேராகப் பேச முடிந்தது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னால் வந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் இந்தப் பேச்சை அப்படியே திருப்பிச் சொல்பவைதான்.

அடுத்தது க்யூ. மெயில்க்யூ என்ற கட்டளையை அடித்தால், இன்னும் போகாத கடிதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். ஒவ்வொன்றின் அடியிலும் ஏன் போகவில்லை என்ற காரணம் இருக்கும். எதிர்ப்பக்கம் இணைப்பு எடுக்கவில்லை, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, வட்டில் இடமில்லை. காலையில் வந்ததும் இந்தப் பட்டியலைப் படிப்பதே அன்றைய நிர்வாகிகளின் முதல் வேலை. படிக்கப் படிக்க ஒரு பழக்கம் வரும்: இந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வர் வார இறுதியில் எப்போதும் தூங்கும், அந்த நிறுவனத்துக்குப் போவது மாலைக்குள் போய்விடும், ஆனால் இந்த மூன்று கடிதங்கள் இங்கே நிற்கக் கூடாதே. இந்த “நிற்கக் கூடாதே” என்ற உணர்வைத்தான் பிற்பாடு எண்களாக மாற்றி ஸ்கிரிப்டில் எழுதினார்கள்.

நடந்ததைப் பதிவு செய்ய சிஸ்லாக் இருந்தது. இன்று லினக்ஸ் உலகம் முழுக்க, ரவுட்டர் முதல் ஃபயர்வால் வரை, லாக் எழுதப் பயன்படும் இந்த ஏற்பாட்டை எரிக் ஆல்மன் முதலில் உண்டாக்கியது சென்ட்மெயில் பணியின் பகுதியாகத்தான். கணினிகள் நாட்குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டதில் மின்னஞ்சலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

கண்ணால் பார்ப்பதை ஸ்கிரிப்ட் பார்க்கத் தொடங்கியது இயல்பாக நடந்தது. கிரான் என்ற வேலைக்காரன் ஏற்கெனவே இருந்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எதையும் ஓட்டுவான். ஷெல் இருந்தது, வரிகளைப் பிரித்தெடுக்கும் ஆக் இருந்தது. 1987 டிசம்பரில் லாரி வால் வெளியிட்ட பெர்ல், லாக் கோப்புகளை அரைத்துச் சாறெடுப்பதற்கென்றே பிறந்த மொழிபோல் வந்து சேர்ந்தது. மெயில்க்யூவை ஓட்டு, வரிகளை எண்ணு, எண்ணிக்கை இத்தனைக்கு மேல் போனால் சொல். மூன்று நான்கு வரியில் முடிகிற ஸ்கிரிப்ட் அது.

அந்த மூன்று வரி ஏன் அத்தனை வலிமையானது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏரியின் உடல்நிலையை அறிய, வரும் வாய்க்காலையும் போகும் மதகுகளையும் தனித்தனியாக அளந்துகொண்டிருக்க வேண்டாம். கரையில் நட்ட அளவுகோலில் நீர்மட்டத்தைப் பார்த்தால் போதும். க்யூவின் நீளம் அந்த நீர்மட்டம். பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் கெட்டிருக்கலாம், இணைய இணைப்பு அறுந்திருக்கலாம், வைரஸ் சோதிக்கும் நிரல் தொங்கிப்போயிருக்கலாம், எதிர்ப்பக்கத்தார் நம்மைத் தடுத்திருக்கலாம். காரணம் எதுவானாலும் க்யூ ஏறும். ஸ்கிரிப்டுக்குக் காரணம் தெரியத் தேவையில்லை. இதுவரை யாரும் கண்டிராத கோளாறைக்கூட அது பிடித்துவிடும். இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு 2022இல் வந்தது, பின்னால் சொல்கிறேன்.

எத்தனைக்கு மேல் ஏறினால் ஆபத்து என்பதற்குப் புத்தகத்தில் விடை கிடையாது. ஒரு சிறு கல்லூரியில் ஐம்பது கடிதம் தேங்கினாலே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். செய்திமடல் அனுப்பும் நிறுவனத்தில் பத்தாயிரம் நின்றாலும் அது வழக்கமான செவ்வாய்க்கிழமை. அந்த எல்லையைத் தன் சர்வரைப் பல மாதம் பார்த்த மனிதரால்தான் சொல்ல முடியும். இன்றும் இதில் மாற்றமில்லை.

க்யூவோடு சேர்த்து, செயல்முறை உயிரோடு இருக்கிறதா, போர்ட் திறந்திருக்கிறதா, வட்டில் இடம் இருக்கிறதா, சுமை எவ்வளவு என்று அன்றைய ஸ்கிரிப்டுகள் பார்த்தன. சுமையைச் சென்ட்மெயிலே ஓரளவு தானாகக் கவனித்துக்கொண்டது: வழக்கமான அமைப்பில் லோடு ஆவரேஜ் 8ஐத் தாண்டினால் கடிதத்தை வாங்கி க்யூவில் மட்டும் போடும்; 12ஐத் தாண்டினால் புதிய இணைப்பையே மறுக்கும். வட்டு அதைவிடத் துரோகி. லாக்கும் க்யூவும் ஒரே பகுதியில் உட்கார்ந்திருக்கும். எங்கோ ஒரு நிரல் பைத்தியம் பிடித்து லாக் எழுதித் தள்ளினால், மின்னஞ்சலுக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால் மின்னஞ்சல் நின்றுபோகும்.

சரி, ஸ்கிரிப்ட் கண்டுபிடித்துவிட்டது. யாரிடம் எப்படிச் சொல்லும்? அன்றைய ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இங்கேதான் இருந்தது. கிரான் ஓட்டும் வேலை எதையாவது அச்சிட்டால், கிரான் அதை மின்னஞ்சலாக அனுப்பும். மின்னஞ்சல் கெட்டுவிட்டது என்ற சேதி, கெட்டுப்போன அதே மின்னஞ்சலில் ஏறி, அதே க்யூவின் கடைசியில் போய் நிற்கும். இதை உணர்ந்த இடங்களில் சர்வரோடு ஒரு மோடத்தை இணைத்து, தொலைபேசி வழியாகப் பேஜருக்கு எண்களை அனுப்பினார்கள். பிறகு குறுஞ்செய்தி வந்தது. அலர்ட் தனி வழியில் போக வேண்டும் என்ற விதி அங்கே பிறந்தது.

சென்ட்மெயிலுக்கு இன்னொரு மரியாதையும் இருந்தது. நான்கு மணி நேரமாக உங்கள் கடிதம் போகவில்லை, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன் என்று எழுதியவருக்கே ஒரு எச்சரிக்கை அனுப்பும். 1998 இறுதியில் ஐபிஎம்மில் இருந்த வீட்சே வெனிமா வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ், பாதுகாப்பிலும் வேகத்திலும் சென்ட்மெயிலைவிடப் பல படி மேலே. ஆனால் அதில் இந்தத் தாமத எச்சரிக்கை, நாமாகப் போட்டுக்கொண்டாலொழிய, அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. எழுதுபவர்களைக் குழப்பும் என்பது இதற்குச் சொல்லக்கூடிய காரணம். குழம்பினாலும் பரவாயில்லை, தெரியட்டும் என்பது என் கட்சி. அந்த நான்கு மணி நேரச் சேதி இருந்தவரை பயனர்களும் கண்காணிப்பில் பங்காளிகள். அது போனபின் முழுப் பாரமும் ஸ்கிரிப்டின் தலையில்.

போஸ்ட்ஃபிக்ஸ் க்யூவைப் பல அறைகளாகப் பிரித்தது. புதிதாக வந்தவை ஓர் அறையில், இப்போது அனுப்பிக்கொண்டிருப்பவை இன்னொன்றில், முயன்று தோற்றுக் காத்திருப்பவை டெஃபர்டு என்ற மூன்றாவது அறையில். எண்ணிக்கை மட்டும் பார்த்த ஸ்கிரிப்டுக்கு இனி வயதும் இடமும் தெரிந்தன. விக்டர் டுகோவ்னி எழுதி போஸ்ட்ஃபிக்ஸோடு வரும் க்யூஷேப் என்ற பெர்ல் ஸ்கிரிப்டை இன்றும் நான் பரிந்துரைப்பேன். எந்த டொமைனுக்குப் போக வேண்டியவை, எத்தனை நிமிடமாக நிற்கின்றன என்று 5, 10, 20, 40, 80 என்று இரட்டித்துக்கொண்டே போகும் பத்திகளில் அது காட்டும். எல்லா டொமைன்களும் இளம் வயதில் குவிந்தால் கோளாறு நம் பக்கம். ஒரே டொமைன் முதிர்ந்து நின்றால் கோளாறு அவர்கள் பக்கம், அல்லது அவர்கள் நம்மைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயத்தில். ஒரு திரையில் இவ்வளவு சொல்லும் வரைபடங்கள் இன்றைய டேஷ்போர்டுகளிலும் குறைவு.

விண்டோஸ் உலகம் வேறு மாதிரி நடந்தது. 1996இல் வந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் அலுவலகங்களைப் பிடித்துக்கொண்டது. அங்கே கடிதங்கள் தனித்தனிக் கோப்பாக அல்ல, ஒரே தரவுத்தளத்துக்குள் இருந்தன. எக்ஸ்சேஞ்ச் 5.5இன் ஸ்டாண்டர்டு பதிப்பில் அந்தத் தரவுத்தளம் 16 ஜிபியைத் தொட்டால் நின்றுவிடும். மொத்த அலுவலகத்துக்கும் அஞ்சல் இல்லை. 2005இல் எக்ஸ்சேஞ்ச் 2003க்கு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக்தான் அந்த வரம்பை 75 ஜிபிக்கு உயர்த்தியது. இன்னொரு கண்ணி, டிரான்ஸாக்‌ஷன் லாக். எக்ஸ்சேஞ்ச் 2003 வரை ஒவ்வொன்றும் 5 எம்பி கொண்ட இந்தக் கோப்புகள் சேர்ந்துகொண்டே போகும். முழுமையாகவோ இன்க்ரிமென்டலாகவோ பேக்கப் எடுத்தால்தான் பழையவை அழியும். பேக்கப் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தால் சில வாரத்தில் வட்டு நிறைந்து, தரவுத்தளம் தானே கழன்றுகொள்ளும். எக்ஸ்சேஞ்ச் நிர்வாகியின் முதல் ஸ்கிரிப்ட் அஞ்சலைப் பார்ப்பதற்கு முன் வட்டைப் பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

அந்த ஸ்கிரிப்டுகளைப் பெரும்பாலும் விபிஸ்கிரிப்டில் எழுதினார்கள். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றிய ஐ லவ் யூ புழுவும் விபிஸ்கிரிப்டில் எழுதப்பட்டதே. முகவரிப் புத்தகத்தில் உள்ள அனைவருக்கும் தன்னையே அது அனுப்பிக்கொண்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் ஃபோர்டு நிறுவனமும் மின்னஞ்சலை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் மெலிசா என்ற மின்னஞ்சல் வைரஸ் வந்து போயிருந்தது. இந்த இரண்டுக்கும் பிறகு, கடிதம் நிற்கிறதா என்று மட்டும் பார்த்த ஸ்கிரிப்டுகள், கடிதம் அளவுக்கு மீறி ஓடுகிறதா என்றும் பார்க்கத் தொடங்கின. திடீரென்று ஒரே தலைப்பில் ஆயிரம் கடிதம் வெளியே போனால் அதுவும் நோய்தான்.

எக்ஸ்சேஞ்சுக்கு உண்மையான திருப்பம் 2006 இறுதியில் வந்தது. ஜெஃப்ரி ஸ்னோவர் வடிவமைத்த பவர்ஷெல் நவம்பரில் வெளியானது. அதன்மேல் முழுமையாகக் கட்டப்பட்ட எக்ஸ்சேஞ்ச் 2007 அதே ஆண்டு டிசம்பரில் தயாரானது. திரையில் அழுத்தும் பொத்தான்களே அடியில் பவர்ஷெல் கட்டளைகளைத்தான் ஓட்டின. க்யூவைக் கேட்க ஒன்று, சேவைகளின் நிலையைக் கேட்க ஒன்று, ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குச் சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்க்க டெஸ்ட்-மெயில்ஃப்ளோ என்று ஒன்று. யுனிக்ஸ்காரர்கள் இருபது ஆண்டுகளாகச் செய்ததை விண்டோஸ்காரர்கள் அன்று முதல் இன்னும் சீராகச் செய்தார்கள், ஏனென்றால் வரிகளை வெட்டி ஒட்டும் தொல்லை அங்கே இல்லை. கடிதத்தின் வயதும் எண்ணிக்கையும் தனித்தனிப் புலமாகவே கைக்கு வந்தன.

இதற்கிடையே, ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் என்ற நிலைமைக்கு ஒரு பொது ஒழுங்கு வந்தது. 1999இல் ஈத்தன் கால்ஸ்டாட் நெட்செயின்ட் என்ற பெயரில் தொடங்கியது 2002இல் நாகியோஸ் ஆயிற்று. அதன் பெரிய கொடை ஒரு சின்ன உடன்படிக்கை. எந்த ஸ்கிரிப்டும் முடியும்போது 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் ஆபத்து, 3 என்றால் தெரியவில்லை. எந்த மொழியில் எழுதினாலும் சரி, இந்த நான்கு எண்ணில் ஒன்றைச் சொன்னால் நாகியோஸுக்குப் புரியும். ஒருவர் எழுதிய க்யூ சோதனை உலகில் எந்த அலுவலகத்திலும் ஓடியது. நான்கில் எனக்கு முக்கியமாகப் படுவது 3. தெரியவில்லை என்று சொல்ல ஓர் இடம் இருப்பதால்தான், சோதனையே தோற்றுப்போன நாளில் நலம் என்ற பொய் வராமல் இருக்கிறது.

இதுவரை எல்லாக் கேள்வியும் நம் வீட்டுக்குள்தான். சர்வர் ஓடுகிறதா, வட்டில் இடம் உண்டா, க்யூ ஏறுகிறதா. பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது ஸ்பேம். 1997இல் பால் விக்ஸி தொடங்கிய தடைப்பட்டியலும், 1998இல் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸும், எந்த ஐபி முகவரியிலிருந்து வரும் அஞ்சலை நம்பக்கூடாது என்பதை டிஎன்எஸ் வழியாகச் சொல்லின. இனி நம் சர்வர் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும், அதன் முகவரி ஒரு பட்டியலில் ஏறிவிட்டால் கடிதம் போகாது. கடவுச்சொல்லைப் பறிகொடுத்த ஒரே ஒரு பயனரின் கணக்கு போதும், ஓரிரவில் ஏற.

ஆகவே ஸ்கிரிப்ட் வெளியே போய் விசாரிக்கக் கற்றுக்கொண்டது. நம் ஐபியின் நான்கு பகுதிகளையும் திருப்பிப் போட்டு, பட்டியலின் பெயரைப் பின்னால் ஒட்டி, டிஎன்எஸ்ஸில் கேட்க வேண்டும். விடை இல்லையென்றால் தப்பித்தோம். 127.0.0.2 போன்ற விடை வந்தால் மாட்டிக்கொண்டோம். இந்த எளிமைக்குள் இரண்டு பள்ளங்கள். ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடியபின்னும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். 2008 மார்ச்சில் அது எந்த முகவரியைக் கேட்டாலும் “பட்டியலில் உண்டு” என்று சொல்லத் தொடங்கியதும், அமைப்பைத் திரும்பிப் பார்க்காத சர்வர்கள் வந்த கடிதத்தை எல்லாம் திருப்பி அனுப்பின. இரண்டாவது பள்ளம் இன்றும் இருக்கிறது: எல்லோரும் பயன்படுத்தும் பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்று விடை தரும். இந்த வழியாகக் கேட்காதே என்பது அதன் பொருள். ஏதோ ஒரு விடை வந்தாலே குற்றம் என்று எழுதப்பட்ட ஸ்கிரிப்ட், அதைப் பார்த்து ஊரையே எழுப்பும்.

பிறகு அடையாளச் சோதனைகள் வந்தன. இந்த டொமைன் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், கடிதத்தில் கையொப்பமிடும் டிகிம், இரண்டும் தவறினால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இவற்றை மொத்தமாக அனுப்புவோருக்குக் கட்டாயமாக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். ஸ்பேம் என்று பயனர்கள் குறிப்பவை 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. நம் சர்வரின் எந்த லாக்கிலும் இந்தச் சதவீதம் கிடையாது. கூகுளிடம் கேட்டால்தான் தெரியும். டிமார்க் அறிக்கைகளும் அப்படியே: பெறும் நிறுவனங்கள் நாள்தோறும் எக்ஸ்எம்எல் கோப்பாக, சுருக்கப்பட்டு, மின்னஞ்சலிலேயே அனுப்பும். மனிதர் படிக்கக்கூடியது அல்ல. பிரித்து, எண்ணி, யார் நம் பெயரில் எழுதுகிறார்கள் என்று சொல்ல ஸ்கிரிப்ட் வேண்டும். அன்றைய ஸ்கிரிப்ட் சொந்த லாக்கைப் படித்தது. இன்றைய ஸ்கிரிப்ட் நம்மைப் பற்றி ஊரார் எழுதும் லாக்கைப் படிக்கிறது.

சர்வரின் டிஎல்எஸ் சான்றிதழ் பற்றி ஒரு குறிப்பு. வழக்கமான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் 90 நாளில் காலாவதியாகும். உலகெங்கும் இணையச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகச் சுருங்கப்போகிறது. சர்வரும் சர்வரும் 25ஆம் போர்ட்டில் பேசும்போது காலாவதியான சான்றிதழைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை என்பதால், கடிதம் போய்க்கொண்டே இருக்கும், பயனர்களின் கைபேசி மட்டும் அலறும். எத்தனை நாள் மீதி என்று எண்ணும் சோதனை எளிது. பயனர்கள் அஞ்சலைப் படிக்க வரும் ஐமேப் போர்ட்டிலும் அதை வைக்க மறக்கக்கூடாது.

இப்போது 2022க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜனவரி 1, கிரீன்விச்சில் நள்ளிரவு, இந்தியாவில் காலை ஐந்தரை மணி. அந்த நொடியிலிருந்து உலகெங்கும் நிறுவனங்களின் சொந்த எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் கடிதங்கள் க்யூவில் சிக்கின. தாக்குதல் அல்ல, வட்டும் நிறையவில்லை. வைரஸ் சோதிக்கும் பகுதி தன் பதிப்பு எண்ணைத் தேதியாக எழுதி வைத்திருந்தது: ஆண்டு 22, மாதம் 01, நாள் 01, பிறகு 0001. சேர்த்தால் 2201010001. 32 பிட் முழு எண் தாங்கக்கூடிய உச்சம் 2147483647. 21இல் தொடங்கிய எண்கள் அடங்கின, 22இல் தொடங்கியது அடங்கவில்லை. சோதிக்கும் நிரல் மடிந்தது; சோதிக்காத கடிதத்தை அனுப்பக்கூடாது என்பதால் அத்தனையும் நின்றன.

சேவை ஓடுகிறதா, போர்ட் திறந்திருக்கிறதா, வட்டில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்த ஸ்கிரிப்டுகளுக்கு அந்தப் புத்தாண்டுக் காலையில் சொல்ல எதுவும் இல்லை. க்யூவை எண்ணிய ஸ்கிரிப்டுக்குத் தெரிந்தது. விடுமுறை நாள், அதிலும் சனிக்கிழமை. மனிதர்கள் கவனிக்கத் திங்கள்கூட ஆகியிருக்கலாம். எண்பதுகளின் அந்த மூன்று வரிச் சோதனை, எழுதியவர் கற்பனைகூடச் செய்யாத ஒரு கோளாறைப் பிடித்தது. மைக்ரோசாஃப்ட் தந்த மருந்தும் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்டே. ஒவ்வொரு சர்வரிலும் ஓட்ட வேண்டும். எண் வரம்புக்குள் அடங்குவதற்காகப் புதிய பதிப்புக்கு 2112330001 என்று பெயரிட்டார்கள். 2021 டிசம்பர் 33ஆம் தேதி என்று படிக்க வேண்டிய எண் அது.

அதற்கு முந்தைய மார்ச்சில் எக்ஸ்சேஞ்சின் ப்ராக்ஸிலாகன் ஓட்டைகள் வெளிப்பட்டபோதும், யாராவது உள்ளே புகுந்த தடம் இருக்கிறதா என்று லாக்கில் தேடும் ஸ்கிரிப்டை மைக்ரோசாஃப்டே கொடுத்தது. சர்வர் நலம் என்பதில், வேறு யாரும் உள்ளே இல்லை என்பதும் சேர்ந்துகொண்டது.

இன்று சர்வரே வீட்டில் இல்லாத அலுவலகங்கள்தான் மிகுதி. கூகுள், மைக்ரோசாஃப்ட், நம் சென்னையில் வளர்ந்த சோஹோ என்று யாரிடமாவது ஒப்படைத்துவிட்டார்கள். க்யூ அவர்களுடையது, நாம் எண்ண முடியாது. வீட்டிலிருந்து 25ஆம் போர்ட்டைத் தொட்டுப் பார்க்கலாம் என்றால், ஸ்பேமுக்கு அஞ்சிப் பல இணைய நிறுவனங்களும் கிளவுடு நிறுவனங்களும் அதை மூடி வைத்திருக்கின்றன. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போன பழைய ஸ்கிரிப்டுகளுக்கு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபரிலிருந்து கதவடைக்கத் தொடங்கினார்கள். இப்போது டோக்கன் வேண்டும், அந்த டோக்கனைத் தரும் ரகசியச் சாவிக்கும் காலாவதி உண்டு, அதையும் கண்காணிக்க வேண்டும். சொந்த சர்வர் வைத்திருப்போரோ ப்ரோமிதியஸ், கிராஃபானா என்று அழகான வரைகோடுகளுக்கு வந்துவிட்டார்கள். நேற்றையும் இன்றையும் ஒரே கோட்டில் பார்க்க முடிகிறது என்பது பெரிய வரம். ஆனால் காலையில் க்யூவை வரி வரியாகப் படித்தவருக்கு இருந்த “நிற்கக் கூடாதே” என்ற அறிவு கோட்டில் வருவதில்லை என்பதை, இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். வாரத்தில் ஒருநாளாவது கோட்டை விட்டுவிட்டு லாக்கைப் படியுங்கள்.

எல்லாம் கைவிட்டுப் போனபின்னும், ஒரு சோதனை யாருடைய அனுமதியும் இல்லாமல் நம்மிடம் மிஞ்சுகிறது: உண்மையான ஒரு கடிதத்தை அனுப்பிப் பார்ப்பது. தலைப்பில் நேரத்தையும் ஒரு தனி எண்ணையும் எழுதி, வெளியில் வைத்திருக்கும் ஒரு கணக்குக்கு ஸ்கிரிப்ட் அனுப்பும். பிறகு அந்தக் கணக்குக்குள் ஐமேப் வழியாகப் போய்த் தேடும். வந்ததா, எத்தனை நிமிடத்தில், இன்பாக்ஸிலா ஸ்பேம் பெட்டியிலா? எதிர்த்திசையிலும் இதையே செய்ய வேண்டும், ஏனென்றால் போவதும் வருவதும் வெவ்வேறு வழி. சோதித்த கடிதத்தை அழித்துவிட வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று அனுப்பினால் ஸ்பேம் என்று நம்மையே பிடிப்பார்கள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று போதும். ஒரு கணக்கில் இன்பாக்ஸில் விழுந்தது என்பதற்காக எல்லோருக்கும் அப்படியே விழும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. இத்தனை எல்லைகள் இருந்தும், கடிதம் சேர்கிறதா என்ற கேள்வியை நேராகக் கேட்பது இந்த ஒரு ஸ்கிரிப்ட்தான். மற்றவை எல்லாம் சர்வரைக் கேட்கின்றன.

கடைசியாக, கண்காணிக்கும் ஸ்கிரிப்டே இறந்துபோனால்? அன்று அலர்ட் வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று பொருள். கிரான் நின்றுபோயிருந்தாலும் அதே அமைதிதான் இருந்திருக்கும். இன்று இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். ப்ரோமிதியஸ் நடைமுறையில் வாட்ச்டாக் என்று எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஓர் அலர்ட்டை வைக்கிறார்கள். வெளியே இன்னொரு சேவை அதை ஓயாமல் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். அது வராமல் போனால்தான் தொலைபேசி அடிக்கும். ஒற்றை ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவரும் இதைச் செய்யலாம்: வேலை முடிந்ததும் கடைசி வரியில் வெளியே ஒரு முகவரியைத் தட்டிவிட்டுப் போனால் போதும். அடிக்கும் தொலைபேசி இன்னும் வேலையில் இருப்பவருடையதுதானா என்பதை மட்டும் எந்த ஸ்கிரிப்டாலும் கண்டுபிடிக்க முடியாது. மாதம் ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் ஒரு சோதனை அலர்ட்டை அனுப்பி, எடுப்பவர் யார், எத்தனை நிமிடத்தில் எடுக்கிறார் என்று பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.